பெட்டியம்மா உத்தரவு

"டாக்டர், வந்தாச்சு. இறங்கலாம்" என்றார் டிரைவர்.

பின் இருக்கையில் இருந்த பல் டாக்டர் செய்தித்தாளை மடித்துவிட்டு வெளியே பார்த்தார். எதிரே சிமெண்ட் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை சாம்பல் நிறத்தில் இருந்த ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, காருக்கு மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

"இது என் கிளினிக் இல்லையே."

"நல்லாப் பாருங்க டாக்டர்."

"என் கிளினிக்கை நான் என்னத்தய்யா நல்லாப் பார்க்கிறது? அங்க பல்லு வலிக்குதுன்னு ஆளுங்க உட்கார்ந்திருப்பாங்க. இங்க சிமெண்ட் உட்கார்ந்திருக்கு."

"தூர்னே அ கோஷ்" என்றது, முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த கறுப்புப் பெட்டி. தேனில் குழைத்த பெண் குரல்.

"இன்னும் என்னமோ சொல்றாங்க டாக்டர். கொஞ்சம் பொறுங்க."

"அவங்க சொல்றாங்களேன்னுதான் நானும் வழி நெடுக வாயை மூடிக்கிட்டு வந்தேன். மெஷினுக்குத் தெரிஞ்ச குறுக்கு வழி போலன்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் இறங்கி, சிமெண்ட் லாரியில் ஏறிப் போய்விட்டார். லாரிக்காரருக்கு அவர் கிளினிக் தெரிந்திருந்தது.

அந்த வாடகைக் கார் நிறுவனத்தின் கார்கள் எல்லாவற்றிலும், இரண்டு பக்கக் கதவிலும், மஞ்சள் பெயிண்டில் ஒரு வாசகம் இருக்கும்: 'வழி கேட்க மாட்டோம்.' முதலாளி தானே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது. கைப்பேசியைத் தடவினால் வழி தெரிகிற காலம் அப்போது வரவில்லை. மற்ற கம்பெனி டிரைவர்கள் மூலைக்கு மூலை நிறுத்தி வழி கேட்டுப் பயணிகளின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த வாசகத்துக்காகவே ஜனங்கள் இவர் காரைத் தேடி ஏறினார்கள். ஆகவே விதி கண்டிப்பானது. தெருவில் போகிறவரிடம் கேட்கக் கூடாது. பயணியிடமும் கேட்கக் கூடாது. கேட்டதாகத் தெரிந்தால் அன்றோடு வேலை போச்சு.

மற்ற டிரைவர்களுக்கு ஊர் மனப்பாடம். நம் டிரைவருக்கு ஊர் புதிது. மனைவியின் ஊர் இது. பிழைக்க வழியில்லாமல் மாமனார் ஊருக்கு வந்து சேர்ந்தவர். 'ஊர் தெரியாவிட்டால் என்ன, ஊர் தெரிந்த கார் ஒன்று இருக்கிறது' என்று சொல்லித்தான் முதலாளி அவரைப் பரீட்சார்த்தமாக வேலைக்குச் சேர்த்தார். ஏதோ ஒரு நாட்டுத் தூதரகம் ஏலம் விட்ட கார் அது. வழி சொல்லும் பெட்டியோடு வந்தது. பெட்டியின் திரை எப்போதோ செத்துவிட்டது. குரல் மட்டும் உயிரோடு இருந்தது, அதுவும் பிரெஞ்சில். சாவியைத் திருப்பினால் பேச ஆரம்பிக்கும். நிறுத்தினால்தான் ஓயும். டிரைவர் அதற்குப் பெட்டியம்மா என்று பேர் வைத்திருந்தார்.

பிரெஞ்சு தெரியாத குறைக்கு அவராகவே ஒரு முறை வைத்திருந்தார். குரல் ஏறினால் வலது, இறங்கினால் இடது. அந்த முறைதான் டாக்டரைச் சிமெண்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதலாளி அறையில் மின்விசிறி சுற்றியது. அதைவிட வேகமாக முதலாளி சுற்றினார்.

"ஏன்யா, அந்தப் பெட்டி தப்பு சொல்லுமாய்யா? பெரிய பெரிய அதிகாரிங்க நம்பிப் போன பெட்டி அது."

"தப்பு சொல்லாதுங்க. எனக்குத்தான் பாஷை புரியல. அதைத் தமிழுக்கு மாத்தினா..."

"மாத்தறதா? பிரெஞ்சு பேசற கார் இந்த ஊர்ல என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அந்தக் குரலைக் கேட்கறதுக்குன்னே ஏறுறான் ஒவ்வொருத்தனும். காரை மாத்த முடியாது. வேணும்னா டிரைவரை மாத்தறேன்."

"வேண்டாங்க. நானே மாறிக்கிறேன்."

"அது. ஏறினதும் போக வேண்டிய இடத்தைச் சத்தமா சொல்லு. அது கேட்டுக்கும். அப்புறம் அது சொல்றபடி செய். இதுக்கு மேல ஒரு புகார் வந்துச்சு, உன்னை நிரந்தரமாக்கற பேச்சே கிடையாது."

வேலை போனால் என்ன ஆகும் என்பது டிரைவருக்கு நன்றாகத் தெரியும். மச்சான் கடைக்குப் போக வேண்டும். மனைவியின் தம்பி கடைவீதியில் குளியலறைச் சாமான் கடை வைத்திருந்தான். வாசலிலேயே வரிசையாக வெள்ளை வெளேரென்று கழிப்பறைப் பீங்கான்கள். கடைக்குள் நாற்காலி கிடையாது. மச்சான், வேலைக்காரர், வருகிற வாடிக்கையாளர் எல்லாரும் மூடி போட்ட பீங்கான்கள் மேல்தான் உட்காருவார்கள். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரே பல்லவி.

"மாப்பிள்ளை, உங்களுக்குன்னு ஒரு சீட்டு தனியா எடுத்து வச்சிருக்கேன். எப்ப வந்து உட்காரப்போறீங்க?"

அவன் அன்பாகத்தான் கேட்டான். அதனால்தான் டிரைவருக்கு வயிறு எரிந்தது. சொந்தக் காலில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்த மனுஷன், மச்சான் வீட்டுப் பீங்கானில் போய் உட்கார்வதா?

கீழ் வீட்டில் பிரெஞ்சு டீச்சர் குடியிருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. டிரைவர் படியிறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னார்.

"உட்காரு" என்றார் டீச்சர். "நிமிர்ந்து உட்காரு. வகுப்புக்கு வெளியிலதான் நீங்க, வாங்க எல்லாம். உள்ள வந்தா எல்லாரும் நீதான். அவ என்ன சொல்றா, சொல்லு."

"தூர்னே, ப்ரெனே, கோன்தினுயே..."

"திரும்புங்கள், எடுங்கள், தொடருங்கள். எல்லாம் ஏவல். உனக்கு மொழி பூராவும் வேண்டாம். ஏவல் மட்டும் போதும்."

ஏவலைக் கற்றுக்கொடுக்க அவரைவிடத் தகுதியானவர் கிடைக்க மாட்டார். அவர் வாயிலிருந்து வேறு வகை வினைச்சொல் வந்ததை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை.

"கேட்டுக்கோ. ஏவல்ல மூணே பேர்தான். நீ, நாம், நீங்கள். நான் கிடையாது, அவன் கிடையாது."

"ஏன் டீச்சர்?"

"உன்னை நீயே ஏவிக்க முடியுமா? இங்க இல்லாதவனை ஏவ முடியுமா? எதுத்தாப்புல நிக்கிறவனைத்தான் ஏவ முடியும். வாக்கியத்துல இருக்கிற 'நீ'யைத் தூக்கி வெளிய போடு. 'நீ பேசுகிறாய்' அப்படிங்கறதுல 'நீ' போயிட்டா மிச்சம் 'பேசு'. அவ்வளவுதான் பிரெஞ்சு. ஆனா ஒண்ணு. இந்தப் 'பேசு' மாதிரி வினைகள்ல 'நீ'ன்னு ஒருமையில ஏவும்போது, கடைசியில இருக்கிற எஸ் எழுத்தை வெட்டிடணும்."

"வெட்டினா எப்படிச் சொல்றது?"

"பார்ல்."

"வெட்டாம இருந்தா?"

"பார்ல்."

"வாயில வராத எழுத்தை எதுக்கு டீச்சர் வெட்டணும்?"

"கேள்வி கேட்காதே. வெட்டு."

வெட்டினார். அடங்காத வினைகள் சில இருந்தன. 'இரு' என்பதற்கு சுவா, சுவாயோன், சுவாயே என்று சம்பந்தா சம்பந்தமில்லாமல் வந்தது. அதையும் விழுங்கினார். 'எனக்குக் கொடுங்கள்' என்றால் தொன்னே முவா. 'எனக்கு' என்பது வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். 'கொடுக்காதீர்கள்' என்றால் அது முன்னால் ஓடிப்போய் நின்றுகொள்ளும். வேண்டாம் என்றதும் முந்திக்கொண்டு ஓடுகிற பழக்கம் டிரைவருக்கே உண்டு என்பதால் இது சட்டென்று மனதில் பதிந்தது.

"அவ நீளமா வேற என்னென்னவோ பேசறாளே டீச்சர்? ஆரம்பத்துல, நடுவுல எல்லாம்."

"அதுல ஏவல் இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது வெறும் பேச்சு. உத்தரவை மட்டும் பிடி. மிச்சத்தை விட்டுடு."

"ஒரு நாள் கார்ல வந்து நீங்களே கேட்டுப் பார்த்தா..."

"உன் வினைச்சொல் சரியாகிற வரைக்கும் உன் கார்ல நான் கால் வைக்கிறதா இல்ல. போ. வீட்டுல பழகு. யாரையாவது ஏவிப் பார்."

வீட்டில் ஏவுவதற்கு மனைவி ஒருத்திதான் இருந்தாள். அவள் தையல் இயந்திரத்தின் முன்னால், யாரோ ஒரு வக்கீல் வீட்டு ஜன்னல் திரைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து டிரைவர் அவளை எதற்கும் ஏவியதில்லை. 'தண்ணி கிடைக்குமா', 'சட்டைக்குப் பொத்தான் வச்சா நல்லா இருக்கும்போல' என்றுதான் அவர் பேச்சு போகும். இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, "வியேன்" என்றார்.

"என்னது?"

"இங்க வான்னு அர்த்தம்."

"அதைத் தமிழ்ல சொல்லத் தைரியம் இல்லையாக்கும்?"

இல்லைதான். ஆனால் பிரெஞ்சில் நன்றாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டைக் காட்டி, கொண்டு வா என்பதற்கு "அப்போர்த்" என்றார். விளக்கைக் காட்டி ஒன்று சொன்னார். ஜன்னலைக் காட்டி ஒன்று சொன்னார்.

மனைவி எழுந்து போய் அவர் சொன்னதையெல்லாம் செய்தாள். டிரைவருக்கு நெஞ்சு விம்மியது. மறுநாள் அவர் வேலையிலிருந்து திரும்பி வந்து வாயைத் திறந்ததும் அவள் ஊசியில் நூல் கோத்தபடியே, "தேசே வூ" என்றாள்.

"அப்படின்னா?"

"வாயை மூடுங்கள். மரியாதைப் பன்மை. டீச்சர்கிட்ட நானும் போயிட்டு வந்தேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அது இருக்கட்டும். யாரு அந்தப் பொம்பளை?"

"எந்தப் பொம்பளை?"

"கார்ல இருக்கிறவ. அவ திரும்புன்னா உடனே திரும்பறீங்களாமே. என் தம்பி பார்த்தானாம். நான் பால் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா அடுத்த நாளு ஞாபகம் வருது."

"அவங்க மெஷினும்மா."

"நானும் இந்த வீட்டுல மெஷின்தான். என்னைக்காவது நான் சொல்லி ஒரு பக்கமாவது திரும்பியிருக்கீங்களா?"

டிரைவர் பால் வாங்கப் போனார்.

அந்த வாரமே ஏவலைச் சுத்தமாகப் படித்து முடித்தார். இப்போது பெட்டியம்மா பேசினால் ஒவ்வொரு உத்தரவும் கண்ணாடி மாதிரி விளங்கியது. இடது பக்கம் திரும்புங்கள். நேராகத் தொடருங்கள். இரண்டாவது சந்தை எடுங்கள். அத்தனையும் மரியாதைப் பன்மையில். இவ்வளவு மரியாதையாக அவரிடம் யாரும் பேசியது கிடையாது. ஒரே ஒரு சங்கடம், சந்து வருவதற்கு முன்பே சில நேரம் திரும்பச் சொன்னாள். சில நேரம் சந்தைத் தாண்டிய பிறகு சொன்னாள். கெட்டிக்காரர்களுக்கும் சில நேரம் பராக்கு உண்டு என்று டிரைவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் குளிர்சாதனக் கம்பெனி அதிகாரி ஒருவர் ஏறினார். மடியில் பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே மூன்றடுக்குக் கேக். அவருடைய மேலதிகாரி அன்று ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு இவர்தான் அடுத்த ஆள். டிரைவர் ஓட்டல் பேரை உரக்கச் சொன்னார். பெட்டியம்மா ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டு, இடது பக்கம் திரும்பச் சொன்னாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, அவள் "த்ரவேர்சே லெ போன்" என்று சொல்லும் வரை. பாலத்தைக் கடவுங்கள்.

அந்த ஊரில் ஆறு கிடையாது. ஆறு இல்லாததால் பாலமும் கிடையாது. டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது: ஏவலில் சந்தேகம் என்பதே கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாலம் தேடினார். குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டியிருந்த பள்ளத்தின் மேல், வேலையாட்கள் தள்ளுவண்டி போக இரண்டு பலகை போட்டிருந்தார்கள். அதுதான் பாலம் என்று டிரைவர் முடிவு செய்தார்.

முன் சக்கரங்கள் கடந்தன. பின் சக்கரங்கள் கடக்கவில்லை. காரின் மூக்கு வானத்தைப் பார்க்க, அதிகாரி மல்லாக்கப் படுத்தார். மூன்றடுக்கும் அவர் மார்பு மேல் ஓரடுக்காகச் சேர்ந்தது.

"கோன்தினுயே" என்றாள் பெட்டியம்மா.

"என்னய்யா சொல்றா அவ?" என்று கிரீமுக்குள்ளிருந்து கேட்டார் அதிகாரி.

"தொடருங்கள்னு சொல்றாங்க சார்."

அதிகாரி சொன்னதும் ஏவல்தான். அதை அச்சில் போட முடியாது.

"பாலம் இருந்திருக்கும்" என்றார் டீச்சர் அன்று மாலை, கொஞ்சமும் அசையாமல். "நீதான் கவனிக்கல. அதுவும் போக, அவ அத்தனை மரியாதையா பேசறா. நீ இடத்தோட பேரை மட்டும் கத்தினா அவளுக்கு என்ன தோணும்? முழு வாக்கியமாச் சொல்லு. 'கோந்துயிசே முவா அ லா கார்.' என்னை ரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கூடவே தயவுசெய்துன்னு சேர்த்துக்கோ."

டிரைவர் போய் நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, கைகட்டி, முழு வாக்கியத்தையும் சொன்னார். பெட்டியம்மா உடனே பதில் சொன்னாள். இடது பக்கம் திரும்புங்கள். ரயில் நிலையம் அங்கிருந்து இடது பக்கம்தான். டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் கேட்கிற விதத்தில் கேட்காததுதான் குறை என்று நினைத்துக்கொண்டார்.

கேக் விவகாரத்தைக் கேள்விப்பட்ட முதலாளி அன்றே கணக்கை முடித்திருப்பார். ஆனால் அவருக்கு அப்போது அதைவிடப் பெரிய தலைவலி இருந்தது. மாமியார் வந்திருந்தார். ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், மழைக்காலம் போய், குளிர்காலம் போய், கோடையும் பாதியான பிறகும் ஊஞ்சலை விட்டு இறங்குவதாக இல்லை. முதலாளி அவரோடு சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசியதில்லை. அவர் ஒரு அறைக்குள் வந்தால் இவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அப்படியே தன் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, கடைசியில் அலுவலகத்திலேயே படுக்க ஆரம்பித்திருந்தார்.

எப்படியோ மாமியார் ஊருக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மற்ற கார்கள் எல்லாம் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் போயிருந்தன. மீதி இருந்தது பிரெஞ்சுக் கார் ஒன்றுதான்.

முதலாளி டிரைவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "அந்த ஊருக்கு வாரத்துக்கு ஒரு ரயில்தான். புரியுதா? இன்னைக்கு விட்டா இன்னும் ஒரு வாரம். ஒரு வாரம்னா அது ஒரு வாரத்தோட நிக்காது. இவங்களை ரயில்ல ஏத்திட்டு வந்தா இன்னைக்கே உன்னை நிரந்தரமாக்கறேன். ஏத்தலைன்னா என் கண்ணுலயே படாதே."

மாமியார் பின் இருக்கையில் ஒரு ராணியைப் போல உட்கார்ந்தார். டிரைவர் சாவியைத் திருப்பினார். கைகட்டி, முழு வாக்கியத்தைத் தயவுசெய்து சேர்த்துச் சொன்னார். பெட்டியம்மா வழக்கம்போல நீளமாக ஏதோ சொல்லிவிட்டு, இடது பக்கம் திரும்பச் சொன்னாள்.

பின்னால் லேசாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"யாருப்பா இந்தப் பொண்ணு? குரல் நல்லா இருக்கே."

"வழி சொல்றவங்கம்மா. இடது பக்கம் திரும்புங்கள்ங்கறாங்க."

"அப்ப திரும்பு. பெரியவங்க பேச்சைத் தட்டக் கூடாது."

டிரைவர் திரும்பினார். நேராகத் தொடர்ந்தார். இரண்டாவது சந்தை எடுத்தார். வட்டச் சந்தியைச் சுற்றச் சொன்னபோது சந்தி எதுவும் இல்லாததால் ஒரு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினார். மாமியார் ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு காற்று வாங்கினார். போகிற போக்கில் தன் மருமகனைப் பற்றிக் கேட்டார். சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். உனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ரயிலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாலத்தைக் கடக்கச் சொன்னபோது டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நேராகப் போனார். நல்லவேளை, வழியில் பள்ளம் எதுவும் இல்லை.

"ஃபேத் தெமி தூர்" என்றாள் பெட்டியம்மா. வந்த வழியே திரும்புங்கள்.

"அம்மா, திரும்பி வரச் சொல்றாங்க."

"அவ சொன்னா சரியா இருக்கும்."

எங்கிருந்தோ ரயில் ஊதும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. டிரைவரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மனசுக்குள் வரிசையாகப் பீங்கான்கள் தெரிந்தன. போகட்டும் வாசகமாவது ஒன்றாவது என்று ஒரு பஞ்சர் கடை முன்னால் நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

"தம்பி" என்றார் மாமியார் கண்டிப்பாக. "என்ன பண்ற?"

"வழி கேட்கலாம்னு..."

"கதவுல என்ன எழுதியிருக்கு? என் மருமகன் கட்டிக் காப்பாத்தின பேரு. என்னை வச்சுக்கிட்டு நீ அதைக் கெடுக்கறதா? தலையை உள்ள எடு."

டிரைவர் தலையை உள்ளே எடுத்தார். பெட்டியம்மா இன்னும் இரண்டு முறை திருப்பினாள். ஒரு முறை நேராக விட்டாள். பிறகு ஏவல் இல்லாத ஒரு சின்ன வாக்கியம் சொல்லிவிட்டு மௌனமானாள். டிரைவர் நிறுத்தினார். எதிரே வெள்ளை வெளேரென்று ஒரு வரிசை.

"மாப்பிள்ளை" என்று கைகளை விரித்தபடி ஓடிவந்தான் மச்சான். "வந்துட்டீங்களா? எனக்குத் தெரியும், என்னைக்காவது வருவீங்கன்னு. சீட்டு அப்படியே இருக்கு. வாங்க, உட்காருங்க. அம்மாவும் வாங்க."

மாமியார் இறங்கி வந்தார். இருந்ததிலேயே நல்ல பீங்கானாகப் பார்த்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மச்சான் தேநீர் வரவழைத்தான். டிரைவர் கடைத் தொலைபேசியில் முதலாளிக்கு விஷயத்தைச் சொன்னார்.

முதலாளி யாருடைய ஸ்கூட்டரிலோ பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். இறங்கும்போதே கத்த ஆரம்பித்துவிட்டார்.

"சாவியைக் கொடு. இந்த நிமிஷத்துலேர்ந்து நீ வேலையில இல்ல. ரயில் நிலையம் எங்க, கக்கூஸ் கடை எங்க? உன்னை நம்பி..."

"மாப்பிள்ளை, நிறுத்துங்க" என்றார் மாமியார்.

முதலாளி நிறுத்தினார்.

"கிட்ட வாங்க."

வந்தார்.

"உட்காருங்க."

பக்கத்துப் பீங்கானில் உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் மாமியாருக்கு இவ்வளவு அருகில் அவர் இருந்தது அதுதான் முதல் தடவை.

"இந்தத் தம்பியை வேலையை விட்டு அனுப்பக் கூடாது. எத்தனை இக்கட்டு வந்தும் உங்க வாசகத்தை விட்டுக் கொடுக்காத மனுஷன். ஒரு பொம்பளை சொன்னா மறுபேச்சுப் பேசாம செய்யற குணம் யாருக்கு இருக்கு? உங்களுக்கு இருக்கா? இன்னைக்கே நிரந்தரமாக்குங்க. அடுத்த வாரமும் இவர்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும். வேற கார்ல நான் ஏற மாட்டேன்."

முதலாளி மாமியாரைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். "சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் ஏறி அலுவலகத்துக்கே போய்விட்டார்.

திரும்பும் வழியில் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதார். சாவியைத் திருப்பியதிலிருந்து பெட்டியம்மா பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியை மாமியாரே கைகாட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு சந்துகூடத் தப்பவில்லை.

"ரொம்ப நன்றிம்மா. நீங்க ரயிலை விட்டதுக்கு நான்தான் காரணம். ராத்திரி பகலா ஏவல் படிச்சேன். இன்னும் எங்கயோ பிழை இருக்கு. நாளைக்கே மறுபடி முதல்லேர்ந்து படிக்கிறேன்."

"அதெல்லாம் வேண்டாம். நல்லாத்தான் படிச்சிருக்க. 'கோந்துயிசே' சொல்லும்போது மட்டும் உதட்டை இன்னும் கொஞ்சம் குவிக்கணும்" என்று சொல்லி, மாமியார் அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினார். பெட்டியம்மாவே சொன்ன மாதிரி இருந்தது.

டிரைவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமாம்மா?"

"என் வீட்டுக்காரர் பிரெஞ்சுக் கப்பல்ல சமையல்காரர். பாதி ஆயுசு அவங்க துறைமுகத்துலதான் குடித்தனம். என் மருமகன் என்கிட்ட உட்கார்ந்து பேசியிருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அப்ப அவங்க சொன்னதுல நான் எங்கம்மா கோட்டை விட்டேன்?"

"ஒரு இடத்துலயும் இல்லப்பா, சாவியைத் திருப்பினதும் 'இது கடையில் போட்டுக் காட்டும் மாதிரிப் பயணம், நிஜமான வழி அல்ல'ன்னு அவ தினமும் சொல்றா பாரு, அது மட்டும் ஏவல் இல்லைங்கறதால உன் காதுல ஏறல, அடுத்த வாரமும் ஏற வேண்டாம்."